கைவிடப்பட்ட அலாட்மெண்ட்டைக் குறைந்த செலவில் தோட்டமாக்குவது: முழுமையான வழிகாட்டி

காய்கறி பயிரிட உள்ளாட்சிக் கவுன்சில் வாடகைக்கு விடும் துண்டு நிலம்தான் அலாட்மெண்ட். அதற்குப் பெயரைப் பதிந்துவிட்டு நெடுங்காலம் காத்திருந்த பிறகு கவுன்சிலிலிருந்து கடிதம் வருகிறது. சாவியை வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் இடுப்பளவு புல், ஆள் நுழைய முடியாத முட்புதர், ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்கும் ஷெட். பிரிட்டனில் அலாட்மெண்ட் எடுக்கும் பலருக்குக் கிடைப்பது இப்படிப்பட்ட நிலம்தான். உடனே புதுப் பலகை, மூட்டை மூட்டையாகக் கம்போஸ்ட், வாடகைக்கு ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறிப் பொடிக்கும் இயந்திரம்) என்று இறங்கினால், ஒரு விதை ஊன்றுவதற்குள் பல ஆண்டு வாடகைக்குச் சமமான பணம் கரைந்துவிடும். அது தேவையே இல்லை. உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த நிலத்திலேயே கிடக்கிறது. மீதியை, உங்கள் ஊரில் யாரோ ஒருவர் காசு கொடுத்து அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறார். எதை வாங்கிக்கொள்ளலாம், எதைச் சும்மா கொடுத்தாலும் தொடக் கூடாது, எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

முழு அலாட்மெண்ட் என்பது வழக்கமாக 10 ராடு (பழைய ஆங்கிலேய நில அளவு), அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு பரப்பு. தமிழ்நாட்டுக் கணக்கில் ஆறேகால் சென்ட். வேலைக்குப் போய்வரும் ஒருவர் ஒரே பருவத்தில் கையால் சுத்தம் செய்து முடிக்கக்கூடிய அளவு இதுவல்ல. முடிந்தால் பாதி நிலம் மட்டும் கேளுங்கள். முழுதும் எடுத்தால், முதல் ஆண்டில் கால் பங்கை மட்டும் திறப்பது, மீதியை மூடிவைப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். செலவைக் குறைக்கும் வழிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

வேலையைத் தொடங்குமுன்

ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். தரைக்கம்பளம், பழைய டயர், நெருப்பு மூட்டுவது, ஷெட்டின் அளவு, கண்ணாடிவீடு, தண்ணீர்க்குழாய் ஆகியவற்றுக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதி இருக்கும். பழைய கம்பளத்தைப் போட்டுக் களையை மூடுவது முன்பு பரவலாக இருந்த பழக்கம். இப்போது பல இடங்களில் தடை. அந்தத் தடை நியாயமானது: செயற்கை இழைகள் மண்ணில் கலந்துவிடுகின்றன, கம்பளத்தின் மேலேயே புல் வேரோடிப் பின்னிக்கொள்கிறது, பிறகு அதைப் பிய்த்தெடுப்பது பெரும்பாடு. முந்தைய குத்தகைதாரர் புதைத்துவிட்டுப் போன கம்பளம் உங்கள் நிலத்திலும் இருக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன் நாலாபுறமும் புகைப்படம் எடுங்கள். குப்பை குவிந்திருந்தால் படங்களை அனுப்பி, அகற்றித் தரும்படியோ, முதல் ஆண்டு வாடகையைக் குறைக்கும்படியோ கேளுங்கள். எல்லா இடங்களிலும் கிடைக்காது. ஆனால் கேட்காதவருக்கு எங்குமே கிடைக்காது. ஷெட்டின் கூரையில் சாம்பல் நிற நெளிந்த சிமெண்ட் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அது பிரிட்டனில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதை உடைக்கவோ, துளையிடவோ, நகர்த்தவோ வேண்டாம். கவுன்சிலுக்கோ அலாட்மெண்ட் சங்கத்துக்கோ எழுதிக் கேளுங்கள்.

பறவைகள் கூடு கட்டும் காலம் ஏறத்தாழ மார்ச் முதல் ஆகஸ்ட் வரை. பயன்பாட்டில் இருக்கும் கூட்டை வேண்டுமென்றே அழிப்பது 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம். பெரிய முட்புதரை இலையுதிர்காலத்திலோ குளிர்காலத்திலோ வெட்டுவதே நல்லது. கோடையில்தான் நிலம் கிடைத்தது என்றால் புதருக்குள் நன்றாகப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

நிலத்தில் கிடப்பதைக் கணக்கெடுங்கள்

கெட்டியான பூட்ஸும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்போடு அங்குலம் அங்குலமாக நடந்து பாருங்கள். புல்லுக்குள் கம்பி, உடைந்த கண்ணாடி, நைலான் வலை எல்லாம் மறைந்திருக்கும். இந்தச் சுற்று முடியாமல் ஸ்டிரிம்மரை (புல்வெட்டும் கையியந்திரம்) ஓட விடாதீர்கள்.

அகப்படுவதையெல்லாம் குவியல்களாகப் பிரியுங்கள்: மரம், உலோகம், கல், கண்ணாடி, பிளாஸ்டிக். ஸ்கிப்புக்கு (குப்பை அள்ளிச் செல்லும் பெரிய இரும்புத் தொட்டி) ஆர்டர் கொடுக்கும் அவசரத்தில் பலர் அள்ளி எறிவது இந்தக் குவியல்களைத்தான். உடைந்த நடைபாதைக் கல் தண்ணீர்ப் பீப்பாய்க்கு அடித்தளம் ஆகும். செங்கல், போர்வையைக் காற்றில் பறக்காமல் அழுத்திப் பிடிக்கும். வளைந்த இரும்புக் கம்பி அவரைக்குக் கொழுகொம்பு ஆகும். தரையைக் கம்பால் தட்டிக்கொண்டே போனால், புல்லுக்கடியில் பழைய கல் பாதையே புதைந்து கிடப்பது சில வேளைகளில் தெரியவரும்.

செடிகளையும் பாருங்கள். புதருக்குள் பிளாக்கரண்ட், கூஸ்பெரி போன்ற பழச்செடிகளும், தண்டைச் சமைத்து உண்ணும் ருபார்பும் ஒளிந்திருக்கலாம். காசு கொடுத்து வாங்கினால் காய்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் செடிகள் அவை. ஒரு துணிப் பட்டையைக் கட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். தடித்த, மூங்கில் போன்ற கணுத்தண்டும் வளைந்து வளைந்து செல்லும் கிளையும் உள்ள ஜப்பானிய நாட்வீடைக் கண்டால் வெட்டாதீர்கள், தோண்டாதீர்கள். சிறு துண்டுகூட முளைக்கும். அது பரவக் காரணமாவது சட்டப்படி குற்றம். அதன் கழிவை அப்புறப்படுத்தவும் தனி விதிகள் உண்டு. உடனே நிர்வாகத்திடம் சொல்லிவிடுங்கள்.

கருவிகள்: நான்கு போதும்

தோட்ட ஃபோர்க், மண்வெட்டி, நீளக் கைப்பிடி வெட்டுக்கத்தரி, அரிவாள் அல்லது கைப்புல்வெட்டி. இவற்றைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கார் பூட் விற்பனையிலும் (காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கும் சந்தை) அறக்கட்டளைக் கடைகளிலும் வரும் பழைய ஃபோர்க்குகளில் பல, இன்றைய மலிவான புதியவற்றைவிட உறுதியானவை. வாங்கும்போது பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: உலோகமும் மரப்பிடியும் சேரும் கழுத்து. அங்கே ஆட்டமோ வெடிப்போ இருந்தால் விட்டுவிடுங்கள். துருவுக்குப் பயப்பட வேண்டாம். கம்பி பிரஷால் தேய்த்து, பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசினால் வாழ்நாளுக்கும் உழைக்கும். எண்ணெய் தோய்ந்த துணியை மட்டும் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள். சுருட்டிவைத்தால் சூடேறித் தானாகவே தீப்பற்றக்கூடும்.

ரோட்டவேட்டர் வேண்டாம் என்பேன். மண்ணை அது அழகாகப் பொடித்துத் தரும். கூடவே கௌச் என்ற களைப்புல்லின் வேரையும் பைண்ட்வீட் என்ற கொடிக்களையின் வேரையும் நூற்றுக்கணக்கான துண்டுகளாக நறுக்கி நிலம் முழுவதும் நட்டுவிடும். வாடகையும் கொடுத்துக் களையும் வளர்த்த கதையாகிவிடும்.

களையை ஆள் பார்த்து அணுகுங்கள்

முட்புதரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். உண்மையில் இருப்பதிலேயே எளியது அதுதான். தண்டுகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, அவை மண்ணில் இறங்கும் இடத்தைப் பாருங்கள். கைமுட்டி அளவில் ஒரு கட்டை தெரியும். அதன் அடியில் ஃபோர்க்கைச் செலுத்தி நெம்பி எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆழத்தில் போகும் வேர் முழுவதையும் துரத்திக்கொண்டு தோண்ட வேண்டியதில்லை. வளைந்து தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நுனிகளைத் தேடிப் பிடுங்குங்கள். அங்கேதான் அடுத்த புதர் பிறக்கிறது.

கௌச் புல்லின் வேர் வெள்ளையாக, ஊசி முனையோடு, மேல் மண்ணிலேயே படுக்கை வாட்டில் ஓடும். மண் ஈரமாக, ஆனால் சேறாக இல்லாதபோது ஃபோர்க்கால் நெம்பி உதறினால் நீளமாக வரும். பைண்ட்வீட் அப்படியல்ல. உடையக்கூடிய வேர், ஆழமாகப் போகும், ஒரு துண்டு நின்றாலும் துளிர்க்கும். கிடைத்த வரை எடுத்துவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டி அதைக் களைப்படையச் செய்வதுதான் வழி. ஹார்ஸ்டெயில் என்ற களையின் வேர் 2 மீட்டருக்கும் கீழே போகக்கூடியது. அதைத் தோண்டி வெல்லலாம் என்று இறங்க வேண்டாம். தலைகாட்டும்போதெல்லாம் அறுத்துவிட்டு, பயிரை நன்றாகப் போஷியுங்கள்.

பிடுங்கிய வேர்களைக் குப்பையில் போட்டு வீணாக்காதீர்கள். மூடியுள்ள வாளியில் தண்ணீர் நிறைத்து அமுக்கிவையுங்கள். சில வாரங்களில் அழுகி உயிரிழந்துவிடும். பொறுக்க முடியாத நாற்றம் வரும். அதில் நல்ல தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து செடிகளுக்கு ஊற்றலாம். சக்கையை மக்குக் குவியலில் போடலாம். ஹார்ஸ்டெயிலுக்கு மட்டும் இந்த முறையை நம்ப வேண்டாம்.

மூடிவையுங்கள்

இனி முக்கியமான வேலை. ஒளி கிடைக்காவிட்டால் களை செத்துப்போகும். உங்கள் முதுகுக்கும் வேலை மிச்சம்.

இந்தப் பருவத்தில் பயிரிடப்போகும் கால் பங்குக்கு அட்டை. சைக்கிள் கடை, மரச்சாமான் கடை, குளிர்சாதனப் பெட்டி விற்கும் கடை ஆகியவற்றில் பெரிய பெரிய அட்டைப் பெட்டிகள் தினமும் குவியும். கேட்டால் மகிழ்ச்சியாகவே கொடுப்பார்கள். பளபளப்பான பூச்சு இல்லாத பழுப்பு அட்டையாகப் பார்த்து எடுங்கள். ஒட்டு நாடாவையும் ஸ்டேப்பிள் ஊசியையும் விரிக்குமுன்னே உரித்துவிடுங்கள். பிறகு மண்ணிலிருந்து பொறுக்குவது எரிச்சலான வேலை. புல்லைத் தரையோடு வெட்டி, அட்டையை ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறுமாறு விரியுங்கள். இடைவெளி விட்டால் அதற்குள்ளாகக் களை எட்டிப் பார்த்துவிடும். தண்ணீர் ஊற்றி நனைத்து, மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் கம்போஸ்ட் அல்லது மக்கிய எரு போடுங்கள். அட்டை சில மாதங்களில் மக்கிவிடும்.

மீதி முக்கால் பங்குக்குக் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு. பண்ணைகளில் மாட்டுத் தீவனத்தை மூடப் பயன்படுத்தும் சைலேஜ் விரிப்பு மிகத் தோதானது. பயன்படுத்தியதை விவசாயிகள் காசு கொடுத்துத்தான் அப்புறப்படுத்துகிறார்கள் என்பதால் கேட்டுப் பாருங்கள். இங்கே கொஞ்சம் பணம் செலவழித்தாலும் வீணில்லை. அதே விரிப்பை ஆண்டுதோறும் அடுத்த கால் பங்குக்கு நகர்த்திக்கொண்டே போகலாம். மலிவான நீலத் தார்ப்பாய் வெயிலில் நைந்து நார்நாராக உதிரும். நம் வீடுகளில் சேரும் நெய்த பிளாஸ்டிக் அரிசிச் சாக்கும் அப்படித்தான். இரண்டையும் நிலத்தில் வெயில்படும்படி விரிக்காதீர்கள். ஓரங்களைப் புதைத்தோ செங்கல் வைத்தோ இறுக்குங்கள். ஓராண்டு மட்டுமே வாழும் களை ஒரு பருவத்தில் அடங்கும். கௌச் புல்லுக்கு முழு ஆண்டு, சில இடங்களில் அதற்கும் மேல் தேவைப்படும்.

பாதையும் பாத்தியும்

பாதைக்கு மரச் சில்லுதான் ராஜா. தெருவில் மரம் வெட்டி இயந்திரத்தில் அரைக்கும் தொழிலாளர்களைப் பார்த்தால் நின்று பேசுங்கள். அந்தச் சில்லைக் கொட்ட அவர்களுக்கு இடமும் வேண்டும், பல வேளைகளில் கட்டணமும் உண்டு. அலாட்மெண்ட் வாசலில் கொட்டச் சொன்னால் லாரியோடு வருவார்கள். முன்கூட்டியே சங்கத்தின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள், மொத்தச் சுமையும் வழியை அடைத்துவிடும். அட்டைமேல் ஒரு கையகலத் தடிமனுக்குப் பரப்புங்கள். பாத்தி மண்ணோடு மட்டும் கிளறிவிடாதீர்கள். மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். மேலாகக் கிடந்தால் பாதகமில்லை.

பாத்திக்குப் பலகைச் சட்டம் கட்டாயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. கட்டாயமில்லை. வரப்புப் பிடித்த மண்மேடே போதும். நத்தைகள் ஒளிய இடமும் குறையும். சட்டம் வேண்டுமென்றால் ஓய்வுபெற்ற சாரப் பலகையைத் தேடுங்கள். கட்டடச் சாரத்துக்கு உதவாது என்று கழித்த பலகைகளைச் சாரம் அமைக்கும் நிறுவனங்கள் மலிவாகத் தள்ளிவிடுகின்றன. வழக்கமான அளவு 3.9 மீட்டர் நீளம், 225 மில்லிமீட்டர் அகலம், 38 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பலகைகளையும் 2.4 மீட்டர், 1.2 மீட்டர் என்று அறுத்தால் ஒரு பாத்திக்கு நான்கு பக்கமும் கிடைத்துவிடும். ஒவ்வொன்றிலும் 30 சென்டிமீட்டர் மிஞ்சும். அந்தத் துண்டை நீளவாட்டில் பிளந்து, நுனியைக் கூராக்கினால் மூலைக்கு அடிக்கும் முளைகள் தயார். வீணாக ஒரு துண்டும் போகாது. 1.2 மீட்டர் அகலம் என்பதால் மண்ணை மிதிக்காமல் இரு பக்கமிருந்தும் கை எட்டும்.

பேலட்டை (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) எடுக்கும்போது பக்கவாட்டில் உள்ள முத்திரையைப் படியுங்கள். கோதுமைக்கதிர் படத்தோடு ‘HT’ என்றிருந்தால் சூட்டால் பதப்படுத்தியது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் இருந்தது என்று பொருள். ‘MB’ என்றிருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகையூட்டியது, வேண்டாம். நீலமோ சிவப்போ பூசியவை பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் சொத்து, கடைக்காரர் கொடுத்தாலும் அது அவருடையதல்ல. நல்ல பேலட் நான்கை நிறுத்தி மூலைகளைக் கம்பியால் கட்டினால் மக்குக் குவியலுக்கான தொட்டி நிமிடங்களில் தயார். பலகையைப் பெயர்க்க முயன்று நாளைக் கழிப்பதைவிட, முழுதாகப் பயன்படுத்துவதே புத்திசாலித்தனம்.

இலவசமாகக் கிடைத்தாலும் மறுக்க வேண்டிய மரங்கள் இரண்டு. பழைய ரயில் தண்டவாளக் கட்டை: கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியது, வெயிலில் தார் கசியும். பச்சை படிந்த பழைய வேலிப்பலகை: 2004க்கு முந்தையதாக இருந்தால் ஆர்செனிக் கலந்த மருந்தேற்றியதாக இருக்கலாம். அதைக் காய்கறிப் பாத்திக்கு வைக்கவும் வேண்டாம், எரிக்கவே வேண்டாம். புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும்.

பழைய பொருள் இலவசமாகவோ மலிவாகவோ கைமாறும் இணையதளங்களில் தேடுங்கள்: ஃப்ரீகிள், ஃப்ரீசைக்கிள், கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ். ‘ஏதாவது இருக்கிறதா’ என்று போடாமல், ‘இரண்டு தண்ணீர்ப் பீப்பாய் வேண்டும், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்று போடுங்கள், பதில் வரும். தெருவோர ஸ்கிப்பில் நல்ல பலகை தெரிந்தால் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்காமல் எடுப்பது திருட்டாகக் கருதப்படலாம்.

எரு: சோதிக்காமல் போடாதீர்கள்

குதிரை லாயங்களில் எரு இலவசமாகவே கிடைக்கும். நாம் சாக்கு கொண்டுபோனால் போதும். ஆனால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். மேய்ச்சல் நிலத்தில் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கும் அமினோபைராலிட் என்ற மருந்து, அங்கே அறுத்து உலர்த்திய புல்லோடு குதிரையின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு அப்படியே வெளியே வரும். 2008இல் பிரிட்டனில் ஏராளமான தோட்டங்களில் தக்காளியும் அவரையும் உருளையும் சுருண்டுபோனதற்கு இதுவே காரணம். லாயக்காரருக்கே தெரியாமல் விலைக்கு வாங்கிய உலர்புல்லில் அது வந்திருக்கலாம்.

சோதனை எளிது. சில தொட்டிகளில் எருவையும் கம்போஸ்ட்டையும் சமமாகக் கலந்து நிரப்புங்கள். வேறு சிலவற்றில் வெறும் கம்போஸ்ட். இரண்டிலும் பிராட் பீன்ஸ் ஊன்றி, தனித்தனித் தட்டில் வைத்துத் தண்ணீர் விடுங்கள். ஒரு தட்டின் வடிநீர் மற்றதற்குப் போகக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் இலைகளை உற்றுப் பாருங்கள். நல்ல இலை தட்டையாக விரிந்திருக்கும். மருந்து பட்ட இலை கிண்ணம்போலக் குவியும், நரம்புகள் நெருங்கி ஓடும், நுனி சுருண்டு முறுக்கும். எருத் தொட்டியில் மட்டும் அப்படி இருந்தால் அந்த எருவை நிலத்தில் சேர்க்காதீர்கள், அடுத்தவருக்கும் கொடுக்காதீர்கள்.

இலையுதிர்காலத்தில் இலைகளைச் சேருங்கள். கம்பி வலையை வட்டமாக நிறுத்தி நிரப்பிவிட்டால் ஒன்றிரண்டு ஆண்டில் கறுத்த, மணமான இலை மக்கு கிடைக்கும். காட்டிலிருந்து அள்ள வேண்டாம், அது அந்தக் காட்டுக்கே உரம். காபிக் கடைகள் கொடுக்கும் சக்கையை மக்குக் குவியலில் மற்றவற்றோடு கலந்து போடுங்கள்; செடியின் அடியில் கனமாகக் கொட்டினால் இறுகி ஏடு கட்டிவிடும்.

தண்ணீர்

1 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 2 மீட்டருக்கு 3 மீட்டர் ஷெட் இருந்தால், 10 மில்லிமீட்டர் மழைக்கு 60 லிட்டர் வரை ஓடிவரும். ஒரு பழைய மழைநீர்க் குழாயும் பீப்பாயும் போதும். உணவுப்பொருள் வந்த நீலப் பீப்பாய்களை உணவு ஆலைகளும் மொத்த வியாபாரிகளும் மலிவாகத் தருவார்கள். கம்பிக் கூண்டோடு வரும் 1,000 லிட்டர் தொட்டியை எடுத்தால் முன்பு என்ன இருந்தது என்ற லேபிளைப் பாருங்கள். லேபிள் இல்லாததை வாங்காதீர்கள். ஒளி புகுந்தால் பாசி பிடிக்கும், எனவே கறுப்பு விரிப்பின் மிச்சத்தைச் சுற்றிவிடுங்கள். பீப்பாய்க்கு மூடி கட்டாயம். அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருப்பார்கள்.

கொழுகொம்பும் வலையும்

கொழுகொம்புக்கு ஹேஸல் என்ற மரத்தின் கம்புகள் சிறந்தவை. குளிர்காலத்தில் காட்டைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் கட்டுக்கட்டாக வெட்டுவார்கள். ஒரு நாள் கூட உழைத்தால் கொடுத்தனுப்புவார்கள். புறாவும் முட்டைக்கோஸ் வண்ணத்துப்பூச்சியும் இங்கே பெருந்தொல்லை என்பதால் வலை அவசியம். 25 மில்லிமீட்டர் நீலத் தண்ணீர்க்குழாயின் மிச்சத் துண்டை வளைத்து, இருபுறமும் மண்ணில் அடித்த குச்சியில் செருகினால் வளைவு தயார். மேலே போர்த்துவதற்கு, கட்டடச் சாரத்தில் கட்டும் வலை நன்றாக உழைக்கும்.

முதல் பயிர்

திறந்த கால் பங்கில் உருளைக்கிழங்கு. ஜனவரி, பிப்ரவரியில் பல ஊர்களில் நடக்கும் உருளைக்கிழங்கு நாள்களில் விதைக்கிழங்கை எண்ணிக்கைக் கணக்கில் வாங்கலாம். மூட்டை வாங்க வேண்டியதில்லை. அதே இடங்களில் விதைப் பரிமாற்றமும் நடக்கும். கறுப்பு விரிப்பு போட்ட பகுதியிலும் சும்மா இருக்க வேண்டாம். ஜூன் தொடக்கத்தில் பனி நின்ற பிறகு ஆங்காங்கே சிலுவைக் கீறல் போட்டு, அடியில் ஒரு குழியெடுத்து எரு நிரப்பி, பூசணி நாற்றை நட்டுவிடுங்கள். கொடி விரிப்பின் மேலே படரும். களை அடியிலேயே கிடந்து சாகும்.

காலியாகும் பாத்திக்குப் பசுந்தாள் உரம் வாங்கவும் செலவு வேண்டாம். சமையலறை வெந்தயமே போதும். கோடையின் பிற்பகுதிக்குள் நெருக்கமாகத் தூவி, லேசாக மண் தள்ளி மூடினால் சில நாளில் முளைத்துவிடும். கொஞ்சம் கீரைக்குக் கிள்ளிக்கொண்டு, மீதியைப் பூப்பதற்கு முன் வெட்டி அங்கேயே போட்டுவிடுங்கள். விட்டுவைத்தாலும் உறைபனி அதைச் சாய்த்துவிடும். சமையலறைக் கடுகையும் இப்படி விதைக்கலாம்; ஆனால் அது கோஸ் குடும்பம். கோஸ் குடும்பத்தின் வேர்களை வீங்கவைக்கும் கிளப்ரூட் நோய் உள்ள நிலத்தில் கடுகைத் தவிர்த்து, வெந்தயத்தோடு நின்றுகொள்ளுங்கள்.